வெயிலை வளைத்துப் பிடிக்கும் சாயம்!

கூரையில் தோற்றது, சுவரில் ஜெயிக்குமா?

பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் கையில் ஒருவகை பிளாஸ்டிக் அடிக்கோல் இருக்கும். ஆரஞ்சு நிறத்திலோ, இளம் பச்சை நிறத்திலோ இருக்கும். கண்ணாடி போல மறுபக்கம் தெரியும்.

அதை வெயிலில் பிடித்துப் பாருங்கள். நடுப்பகுதி சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் ஓரம் மட்டும் நெருப்புக் கோடு போல ஜொலிக்கும்!

அடிக்கோலுக்குள் பல்பு கிடையாது. பாட்டரி கிடையாது. பிறகு அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

வெயிலிலிருந்துதான் வந்தது. அடிக்கோலின் முகத்தில் விழுந்த வெயில் உள்ளே அகப்பட்டுக்கொள்கிறது. தப்பிக்க வழி தெரியாமல் ஓடி, ஓரத்துக்கு வந்து வெளியேறுகிறது.

இந்தச் சின்ன வேடிக்கையைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் 1976-ம் ஆண்டில் சொன்னார்கள். எடுத்தும் காட்டினார்கள். ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்னும் அது நம் வீட்டுக் கூரைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை? இப்போது அதைப்பற்றி மறுபடியும் பேசுகிறார்களே, அது ஏன்? "ஜன்னல் கண்ணாடியே மின்சாரம் தரும்" என்று அவ்வப்போது செய்தி வருகிறதே, அதை நம்பலாமா?

பார்ப்போம்.

சாயம் செய்யும் வேலை

சிவப்புத் துணி ஏன் சிவப்பாகத் தெரிகிறது? வெயிலில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. சிவப்புச் சாயம் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டு, சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. விழுங்கிய வெளிச்சம் சூடாக மாறிவிடுகிறது. இது சாதாரணச் சாயம்.

ஒளிரும் சாயம் வேறு வகை. அது விழுங்கிய வெளிச்சத்தை வேறு நிறத்தில் கக்கிவிடும். நீலத்தை விழுங்கிப் பச்சையைக் கக்கும். பச்சையை விழுங்கிச் சிவப்பைக் கக்கும்.

இந்தச் சாயத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். புத்தகத்தில் முக்கியமான வரிமேல் பூசும் மஞ்சள் பேனாவில் இருப்பது இதுதான். சாலைப் பணியாளர் அணியும் பளிச்சென்ற மேல்சட்டையில் இருப்பதும் இதுதான்.

துணி துவைக்கும் சோப்புத் தூளிலும் இந்த வகைப் பொருளைச் சேர்க்கிறார்கள். வெயிலில் புற ஊதாக் கதிர் என்று ஒன்று உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரியாது. சோப்புத் தூளில் உள்ள பொருள் அந்தக் கதிரை விழுங்கி, நீல வெளிச்சமாகக் கக்குகிறது. அதனால்தான் வேட்டி வெள்ளை வெளேர் என்று தெரிகிறது!

ஸ்டோக்ஸ் கண்ட விதி

இதை முதலில் தெளிவாக ஆராய்ந்து சொன்னவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஆண்டு 1852.

மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தை அவர் தண்ணீரில் கரைத்தார். அதன்மீது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட்டது. கொயினா நீர் நீல நிறத்தில் ஒளிர்ந்தது!

இதற்கு அவர் வைத்த பெயர் புளோரசன்ஸ். தமிழில் ஒளிர்தல் என்று சொல்லலாம்.

ஸ்டோக்ஸ் ஒரு விதியையும் கண்டார். சாயம் வாங்குவது வலுவான வெளிச்சம். திருப்பிக் கொடுப்பது வலுக் குறைந்த வெளிச்சம். நடுவில் குறைந்த சக்தி சூடாகப் போகிறது.

நோட்டு மாற்றிக் கொடுப்பவர் தரகு பிடித்துக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகு இல்லாமல் எந்தச் சாயமும் வேலை செய்யாது.

நதிக்கே சாயம் போட்டார்கள்

இப்படிப்பட்ட சாயங்களை "ஆர்கானிக்" சாயம் என்கிறார்கள். இயற்கை உரம் போட்ட காய்கறி என்று நினைக்க வேண்டாம். வேதியியலில் இந்தச் சொல்லுக்கு, கரி அணுக்களை அடிப்படையாகக் கொண்ட பொருள் என்று அர்த்தம்.

1871-ம் ஆண்டில் அடால்ப் வான் பேயர் என்ற ஜெர்மானியர் புளோரசின் என்ற சாயத்தைத் தயாரித்தார். மிகச் சிறிதளவு கலந்தாலும் தண்ணீர் பச்சையாக ஒளிரும்.

தென் ஜெர்மனியில் டான்யூப் நதியின் தண்ணீர் ஓரிடத்தில் பூமிக்குள் இறங்கி மறைகிறது. அது எங்கே போகிறது என்று ஒரே வழக்கு. 1877-ம் ஆண்டில் சுமார் 10 கிலோ புளோரசினை அங்கே கொட்டினார்கள். சுமார் இரண்டரை நாள் கழித்து, ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆக் என்ற ஊற்று பச்சையாக மாறியது! வழக்குத் தீர்ந்தது.

ஒரு நதியையே அடையாளம் காட்டும் அளவுக்கு இந்தச் சாயங்களுக்குச் சக்தி உண்டு. அப்படிப்பட்ட சாயத்தைக் கண்ணாடிக்குள் போட்டால் என்ன ஆகும்?

வெளிச்சம் சிறைப்படுகிறது

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். அதைக் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பக்கவாட்டில் இருந்து, தண்ணீரின் மேல்பரப்பை அடிவழியாக அண்ணாந்து பாருங்கள்.

மேல்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும். தண்ணீருக்குள் இருந்து சாய்வாக வரும் வெளிச்சம் வெளியே போக முடியாமல், மேல்பரப்பில் மோதி உள்ளேயே திரும்புகிறது. அதனால்தான் அப்படித் தெரிகிறது.

பிளாஸ்டிக் தகட்டுக்குள்ளும் இதுதான் நடக்கிறது.

வெயில் தகட்டின்மீது விழுகிறது. உள்ளே கலந்திருக்கும் சாயம் அதை விழுங்குகிறது. பிறகு எல்லாத் திசைகளிலும் கக்குகிறது. நேராக மேலேயோ கீழேயோ போகும் வெளிச்சம் தப்பிவிடும். சாய்வாகப் போகும் வெளிச்சம் மாட்டிக்கொள்ளும். மேலும் கீழும் மோதி மோதி ஓரத்துக்கு வந்துசேரும்.

சாயம் கக்கும் 100 கதிர்களில் சுமார் 74 கதிர்கள் இப்படிச் சிறைப்படுகின்றன. சுமார் 26 தப்பிவிடுகின்றன. இது நல்ல பிளாஸ்டிக் தகட்டின் கணக்கு.

என்ன லாபம்?

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை சென்டிமீட்டர் கனம் உள்ள தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அதன் முகம் 10,000 சதுர சென்டிமீட்டர். அதன் நான்கு ஓரங்களையும் கூட்டினால் 200 சதுர சென்டிமீட்டர்தான்.

வெயில் விழுவது 10,000 சதுர சென்டிமீட்டரில். அது வந்துசேருவது 200 சதுர சென்டிமீட்டரில். ஐம்பதில் ஒரு பங்கு!

ஆகவே வெயிலை மின்சாரமாக்கும் சோலார் செல்லை முகம் முழுவதும் ஒட்ட வேண்டாம். ஓரத்தில் மட்டும் நாடா போல ஒட்டினால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. பூதக் கண்ணாடி வைத்தும் வெயிலைக் குவிக்கலாம். ஆனால் அது சூரியனை நேராகப் பார்த்தபடியே இருக்க வேண்டும். சூரியன் நகர நகர அதையும் திருப்ப வேண்டும். அதற்கு மோட்டார் வேண்டும். மேகம் வந்தால் வேலை நடக்காது.

சாயத் தகட்டுக்கு அந்தக் கவலை இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சாயம் விழுங்கும். மேகம் மூடிய நாளிலும் ஓரளவு வேலை செய்யும்.

எண்ணெய் விலை ஏறியது

இந்த யோசனை பிறந்த காலத்தைக் கவனிக்க வேண்டும்.

1973-ம் ஆண்டின் கடைசியில் அரபு நாடுகள் பெட்ரோலிய எண்ணெயைக் குறைத்தன. ஒரு பீப்பாய் எண்ணெய் சுமார் 3 டாலர் விற்றது. சில மாதங்களில் அது சுமார் 12 டாலர் ஆகிவிட்டது. உலகமே திகைத்தது. எண்ணெய்க்கு மாற்று என்ன என்று எல்லோரும் தேடினார்கள்.

சூரியன் இருக்கிறது. சோலார் செல்லும் இருந்தது. ஆனால் அதன் விலை யானை விலை! 1977-ம் ஆண்டில் ஒரு வாட் மின்சாரம் தரும் செல்லின் விலை 70 டாலருக்கு மேல். செல்லைச் செய்வது சிலிக்கன் என்ற பொருளால். மணலில் இருந்து எடுத்துச் சுத்தம் செய்யப் பெரும் செலவு ஆனது.

அப்போதுதான் "சிலிக்கனைக் குறைத்து, மலிவான சாயத்தையும் பிளாஸ்டிக்கையும் பயன்படுத்துவோம்" என்ற எண்ணம் பிறந்தது.

1976-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெபர், லாம்ப் என்ற இருவர் இதைப்பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் போர்டு மோட்டார் கார் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள்.

மறு ஆண்டு, 1977-ல், ஜெர்மனியில் அடால்ப் கோட்ஸ்பெர்கர் என்பவர் தம் சகாவான கிரியூபல் என்பவருடன் சேர்ந்து இதையே விரிவாக ஆராய்ந்து எழுதினார். கோட்ஸ்பெர்கர் பிரைபர்க் நகரத்து விஞ்ஞானி. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லியிடம் அமெரிக்காவில் வேலை பார்த்தவர்.

நான்கு ஆண்டு கழித்து, 1981-ல், பிரைபர்க்கில் சூரிய சக்திக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். பிரான்ஹோபர் நிலையம் என்று பெயர். சுமார் 20 பேருடன் தொடங்கிய அந்த நிலையத்தில் இன்று ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். கோட்ஸ்பெர்கர் 2023-ம் ஆண்டில், தம் 94-வது வயதில் காலமானார்.

சாயம் வெளுத்தது

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மூன்று தொல்லைகள் வந்தன.

முதல் தொல்லை, சாயம் வெளுத்தது! நமக்குத் தெரிந்த விஷயம்தான். கொடியில் காயும் சேலை நாளடைவில் நிறம் மங்கும். தகட்டில் கலந்த சாயமும் அப்படித்தான். ரோடமின் என்ற சாயம் அருமையாக ஒளிரும். ஆனால் தொடர்ந்து வெயிலில் நின்றால் மங்கிவிடும்.

மின்சாரம் தர வேண்டிய பொருள், வெயிலில் நின்றால் கெட்டுப்போகிறது என்றால் யார் வாங்குவார்கள்?

பிறகு பெரிலின் என்ற வகைச் சாயங்கள் வந்தன. மோட்டார் கார் பெயிண்டில் சேர்க்கும் சில சிவப்பு நிறங்களும் இந்தக் குடும்பம்தான். இவை வெயிலை நன்றாகத் தாங்குகின்றன. என்றாலும், கூரையில் வைக்கும் சாதாரண சோலார் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் கொடுக்கிறார்கள். அதோடு போட்டி போட வேண்டும்.

இரண்டாவது தொல்லை, கூடப்பிறந்ததே குழி பறிப்பது. ஒரு சாயத்துகள் கக்கிய வெளிச்சம் ஓரத்தை நோக்கி ஓடுகிறது. வழியில் இன்னொரு சாயத்துகள் அதை விழுங்கிவிடுகிறது. அது மறுபடியும் கக்கும். ஆனால் கக்கும்போதெல்லாம் 100-க்கு 26 தப்பிவிடும் என்று பார்த்தோம் அல்லவா?

100 கதிர்கள் முதல் தடவையில் 74 ஆகும். இரண்டாம் தடவையில் 55 ஆகும். மூன்றாம் தடவையில் 41 ஆகும்!

தீ அணைக்க வரிசையாக நின்று தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுகிறோம். ஒவ்வொருவரும் கால் பங்கு சிந்தினால், கடைசி ஆளிடம் என்ன மிஞ்சும்? வரிசை நீளமாக ஆக, தண்ணீர் குறையும். தகடு பெரிதாக ஆக, வெளிச்சம் குறையும். ஆகவே முன்னே சொன்ன "50 மடங்கு" என்பது காகிதக் கணக்கோடு சரி.

மூன்றாவது தொல்லை, சாயம் தனக்குப் பிடித்த நிறத்தை மட்டும்தான் விழுங்கும். சிவப்பாக ஒளிரும் சாயத்துக்கு நீலமும் பச்சையும் வேண்டும். வெயிலில் மிச்சமுள்ள சக்தி அதற்கு வேண்டாம். அது தகட்டை ஊடுருவிப் போய்விடும்.

சிலிக்கன் ஜெயித்தது

சாயக்காரர்கள் இந்தத் தொல்லைகளோடு போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. சிலிக்கன் மலிவாகிவிட்டது!

முதலில் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு மளமளவென்று சரிந்தது. ஒரு வாட் 70 டாலருக்கு மேல் விற்றது போய், இன்று அரை டாலருக்கும் குறைவு.

"சிலிக்கன் விலை அதிகம், ஆகவே சாயம்" என்றுதான் கதை தொடங்கியது. சிலிக்கன் விலை இறங்கியதும், கதையின் அடிப்படையே போய்விட்டது.

சாயம் தோற்றதற்குச் சாயம் மட்டும் காரணம் அல்ல. எதிராளி வேகமாக ஓடிவிட்டான். இதுதான் முக்கியமான உண்மை.

உள்ளங்கை அளவில் ஒரு சாதனை

2008-ம் ஆண்டில் இரண்டு செய்திகள் வந்தன.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்விக்கூடத்தில், மார்க் பால்டோ என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் சாயத்தைப் பிளாஸ்டிக்கில் கலக்காமல், கண்ணாடிமேல் மெல்லப் பூசினார்கள். ஒரு சாயம் கக்குவதை இன்னொரு சாயம் விழுங்காதபடி சாயங்களைக் கணக்காகக் கலந்தார்கள். வெளிச்சம் முன்னைவிட அதிகத் தூரம் ஓடியது.

"மூன்று ஆண்டில் இது நடைமுறைக்கு வரலாம்" என்று அப்போது சொன்னார்கள். அதற்குப் பிறகு பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. கூரைகளில் இன்னும் காணோம்.

அதே ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஒரு சாதனையைக் காட்டியது. தகட்டில் விழுந்த வெயிலில் 100-க்கு 7.1 பங்கு மின்சாரமாகியது. சாயத் தகடுகளில் இது பெரிய அளவு.

ஆனால் அந்தத் தகடு எவ்வளவு பெரியது தெரியுமா? 5 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்! ஓரத்தில் ஒட்டியதும் சாதாரண சிலிக்கன் அல்ல. காலியம் ஆர்சனைடு என்ற விலை உயர்ந்த செல்.

இன்று கடையில் விற்கும் சாதாரண சோலார் பேனல், ஆள் உயரத்தில் இருந்துகொண்டு, 100-க்கு 20 பங்கும் அதற்கு மேலும் தருகிறது.

மீண்டும் ஏன் பேச்சு?

அப்படியானால் இந்தச் சாயத்தை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடலாமே? ஏன் போடவில்லை?

காரணம் நகரங்கள்.

ஒரு தனி வீட்டுக்குக் கூரை உண்டு. பேனல் வைக்கலாம். இருபது மாடிக் கட்டடத்தில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. கூரை ஒன்றுதான். சுவரும் ஜன்னலும்தான் ஏராளம். கறுப்புப் பேனலை ஜன்னலில் வைத்தால் வீடு இருட்டாகிவிடும்.

2024-ம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் புதிய கட்டடச் சட்டம் ஒன்றைச் செய்தன. 2026-ம் ஆண்டு முடிவிலிருந்து, புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களிலும், வீடு அல்லாத மற்ற பெரிய கட்டடங்களிலும் சூரிய சக்திச் சாதனம் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். புதிய வீடுகளுக்கு 2029-ம் ஆண்டு முடிவு என்று கெடு. இடமும் செலவும் ஒத்துவந்தால் என்ற நிபந்தனையும் உண்டு.

கூரை போதாது என்றால் சுவர்மீதும் ஜன்னல்மீதும் கண் போகத்தானே செய்யும்? அங்கேதான் சாயத் தகடு மறுபடியும் எட்டிப் பார்க்கிறது. கறுப்புப் பேனல் போக முடியாத இடத்துக்கு இது போகும். நிறமாக இருக்கும். வெளிச்சத்தையும் உள்ளே விடும்.

சாலை ஓரச் சுவர்

நெதர்லாந்தில் டென் பாஸ் என்று ஒரு நகரம். அதன் பக்கத்தில் ஏ-2 என்ற பெரிய நெடுஞ்சாலை செல்கிறது. மோட்டார் இரைச்சல் ஊருக்குள் கேட்காமல் இருக்க, இப்படிப்பட்ட சாலைகளின் ஓரம் தடுப்புச் சுவர் எழுப்புவது அந்த நாட்டு வழக்கம்.

2015-ம் ஆண்டில் அங்கே ஒரு சோதனை தொடங்கியது. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சாயத் தகடுகளால் தடுப்புச் சுவர் அமைத்தார்கள். ஆள் உயரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பல நிறம். கோவில் திருவிழாவில் கட்டும் வண்ணக் காகிதம் போல இருந்தது.

ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? சுவர் எப்படியும் வேண்டும். இரைச்சலைத் தடுப்பது அதன் முதல் வேலை. மின்சாரம் உபரி. அந்த நாட்டில் மேகம் மூடிய நாட்கள் அதிகம். எந்தப் பக்கத்து வெளிச்சத்தையும் பிடிக்கும் சாயத்துக்கு அது பொருத்தம்.

ஒரே பொருள் இரண்டு வேலை செய்தால், ஒரு வேலையைச் சற்றுக் குறைவாகச் செய்தாலும் கட்டுப்படியாகும். சாயத் தகட்டின் புதிய நியாயம் இதுதான்.

நிறம் இல்லாத கண்ணாடி

சிவப்பு ஜன்னலுக்குள் யார் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள்? வீட்டுக்கும் ஆபீசுக்கும் தெளிந்த கண்ணாடிதானே வேண்டும்?

அதற்கும் ஒரு வழி கண்டார்கள். 2014-ம் ஆண்டில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லண்ட் என்பவரும் அவர் குழுவினரும் வேறு வகைச் சாயத்தைப் பயன்படுத்தினார்கள். அது கண்ணுக்குத் தெரியாத கதிர்களை மட்டும் விழுங்கும். கக்குவதும் கண்ணுக்குத் தெரியாத கதிர்தான். ஆகவே கண்ணாடி கண்ணாடியாகவே தெரியும்!

ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை எல்லாம் விட்டுக்கொடுத்த பிறகு, மிச்சத்தில் இருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். முதலில் கிடைத்தது 100-க்கு 1 பங்கு கூட இல்லை.

நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 1,000 வாட் சக்தி விழுகிறது. சாதாரண பேனல் அதில் 200 வாட் தரும். 100-க்கு 1 பங்கு என்றால் 10 வாட். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரியும்.

ஆயிரம் ஜன்னல் உள்ள கட்டடத்துக்கு இது உதவலாம். இரண்டு ஜன்னல் உள்ள வீட்டுக்கு உதவாது.

சாயத்துக்குப் பதிலாக "குவாண்டம் டாட்" என்ற மிக நுண்ணிய துகள்களையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். இந்தத் துகள்களைக் கண்டவர்களுக்கு 2023-ல் நோபல் பரிசு கிடைத்தது. தான் கக்கியதைத் தானே விழுங்கும் தொல்லை குறையும்படி இவற்றைச் செய்ய முடிகிறது. ஆனால் இவற்றில் சில வகைகளில் காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றன. சாயத்தில் அந்தப் பயம் இல்லை.

தக்காளித் தோட்டம்

வயலில் பயிர், பயிருக்கு மேலே சோலார் பேனல் என்ற யோசனையை 1981-ம் ஆண்டிலேயே சொன்னவர், சாயத் தகட்டை ஆராய்ந்த அதே கோட்ஸ்பெர்கர்தான். உருளைக்கிழங்குத் தோட்டத்தை அவர் உதாரணமாகக் காட்டினார்.

பிற்காலத்தில் அவருடைய இரண்டு யோசனைகளும் ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்தன.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாந்தா குரூஸ் என்ற ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தார், செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டின் கூரையில் ரோஜா நிறச் சாயத் தகட்டைப் பொருத்தினார்கள். இடையிடையே சோலார் செல் நாடாக்கள்.

செடிக்கு எல்லா நிறமும் ஒரே அளவில் வேண்டியது இல்லை. சிவப்பும் நீலமும் அதிகம் வேண்டும். பச்சை குறைவாகப் போதும். சாயம் பச்சையையும் நீலத்தில் ஒரு பகுதியையும் விழுங்கிச் சிவப்பாகக் கக்குகிறது. அந்தச் சிவப்பில் ஒரு பங்கு செல்லுக்கு. ஒரு பங்கு செடிக்கு!

தக்காளி, வெள்ளரி, எலுமிச்சை, மிளகாய் என்று பலவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். 2017-ம் ஆண்டில் முடிவைச் சொன்னார்கள். பெரும்பாலான செடிகளுக்கு எந்தக் குறையும் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு செடிகள் முன்னைவிட நன்றாகவே வளர்ந்தன. தக்காளிச் செடிகள் 100-க்கு 5 பங்கு தண்ணீரை மிச்சப்படுத்தின.

இங்கே வெயிலில் ஒரு பகுதி தகட்டை ஊடுருவிப் போவது நஷ்டம் அல்ல. அது செடிக்குச் சாப்பாடு. முன்னே தொல்லை என்று சொன்னோமே, அதுவே இங்கே உதவியாகிவிட்டது.

மருந்து செய்யும் இலை

ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. மின்சாரமே வேண்டாம், வெளிச்சத்தை நேராகப் பயன்படுத்துவோம் என்றார் திமோத்தி நோயல் என்ற விஞ்ஞானி.

2016-ம் ஆண்டில் அவர் குழுவினர் இலை வடிவத்தில் ஒரு ரப்பர் தகடு செய்தார்கள். அதில் ஒளிரும் சாயம் கலந்திருந்தது. இலை நரம்பு போல மெல்லிய குழாய்கள் ஓடின. குழாயில் மருந்துச் சரக்கு ஓடும். சாயம் பிடித்துத் தரும் வெளிச்சத்தால் அது வேறு பொருளாக மாறும்.

2018-ம் ஆண்டில், மேலும் நல்ல தகடு செய்து, மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் மருந்தை இந்த முறையில் தயாரித்துக் காட்டினார்கள்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இனிமேலும் செய்திகள் வரும். "கண்ணாடியே மின்சார நிலையம்" என்று தலைப்புப் போடுவார்கள். யாராவது விற்கவும் வரலாம். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: நீங்கள் சோதித்த தகடு எவ்வளவு பெரியது? உள்ளங்கை அளவா, ஜன்னல் அளவா?

இரண்டு: ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட்?

மூன்று: எத்தனை ஆண்டு வெயிலைத் தாங்கும்? எழுதிக் கொடுப்பீர்களா?

இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் மேலே பேசலாம். வராவிட்டால், சாயம் வெளுத்துவிடும்!

வீட்டுக் கூரையில் வைக்க இன்று சரியானது சாதாரண சோலார் பேனல்தான். அதில் சந்தேகம் வேண்டாம். சாயத்துக்காகக் காத்திருக்க வேண்டியது இல்லை.

ஆனால் சாயத்தை இகழவும் வேண்டாம். சிறு துரும்பும் பல் குத்த உதவும். கூரையில் தோற்ற பொருள் சாலை ஓரத்திலும், தக்காளித் தோட்டத்திலும், மருந்துக் கூடத்திலும் தனக்கென்று ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த தடவை பிள்ளையின் அடிக்கோல் ஓரம் ஜொலிப்பதைக் கண்டால், அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சிறைப்பட்ட வெளிச்சத்துக்கு இன்னும் நல்ல வழியை அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கக் கூடும்.